லொறி ஏன் பதினொரு மணிக்குப் புறப்படுகிறது? வேலைமுறையைத் திருத்த நான்கு வழிகள்

என் மைத்துனருக்குக் கொழும்பு பழைய சோனகத் தெருவில் கட்டடப் பொருள் கடையும் வத்தளையில் ஒரு களஞ்சியமும் இருக்கின்றன. குழாய், குழாயை வளைத்து இணைக்கும் எல்போ, பெயின்ட், பூட்டு, கதவுக் கீல் என்று ஆயிரக்கணக்கான உருப்படிகள்; எழுபது பேருக்குச் சம்பளம். காலை எட்டு மணிக்குக் களஞ்சியத்திலிருந்து புறப்பட வேண்டிய லொறி பதினொரு மணிக்குப் புறப்படுகிறது. கேட்டது அரை அங்குலம் என்றால் போய்ச் சேருவது முக்கால் அங்குலம். வாடிக்கையாளர் கடைக்குத் தொலைபேசி எடுத்துக் கத்துவார்; கடை களஞ்சியத்தின் மீது பாயும்; களஞ்சியம் கணக்குப் பிரிவைக் கைகாட்டும். பல வருடங்களாக இதுதான் காலைப் பூசை.

சில மாதங்களுக்கு முன் அவருடைய அறைக்குப் போனேன். மேசையில் நான்கு தாள்கட்டுகள். மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க மேலே ஒரு பித்தளை வால்வு. முதலாவது, ஐஎஸ்ஓ 9001 என்ற சர்வதேசத் தரச் சான்றிதழ் பெற்றுத் தருவதாகச் சொல்லும் ஓர் ஆலோசனை நிறுவனத்தின் விலைமனு. இரண்டாவது, சிக்ஸ் சிக்மா முறையில் தவறுகளைக் குறைத்துத் தருவதாகச் சொல்வது. மூன்றாவது, கடை, களஞ்சியம், கணக்கு மூன்றையும் இணைக்கும் மென்பொருள். நான்காவது விலைமனுவே அன்று. அவருடைய கணக்காளர் ஒரு நாள் பயிற்சிக்குப் போய்வந்து 5எஸ் என்ற ஜப்பானிய ஒழுங்குமுறை பற்றி எழுதிக் கொடுத்த இரண்டு பக்கக் குறிப்பு.

“மச்சான், முப்பது வருடம் தொழிற்சாலையிலும் தேயிலைக் களஞ்சியத்திலும் இருந்தவர் நீங்கள். இதில் எதைப் பிடிப்பது?” என்று கேட்டார்.

நான்கும் தொடங்கியதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் மூன்றின் கருமாதிக்கும் போயிருக்கிறேன். ஆகவே உடனே பதில் சொல்லவில்லை. முதலில் லொறியைப் பார்க்க வேண்டும் என்றேன்.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் முதன்மையானவரான டைச்சி ஓனோவைப் பற்றி ஒரு கதை உண்டு. தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, பொறியியலாளரை அதற்குள் நிற்கவைத்து, மணிக்கணக்காக வேலையைப் பார்க்கச் சொல்வாராம். எனக்கு வட்டம் கிடைக்கவில்லை. கவிழ்த்து வைத்த பெயின்ட் வாளி கிடைத்தது. அதில் உட்கார்ந்து மூன்று காலைப்பொழுதுகள் பார்த்தேன்.

ஏழேகாலுக்கு ஆட்கள் வந்துவிட்டார்கள். ஏழரைக்கு லொறி பின்பக்கமாக வந்து வாசலில் நின்றது. அதற்குப் பிறகு ஒன்றும் நடக்கவில்லை. சுமை தூக்கும் நாட்டாமைமார் மூன்று பேர் படியில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்கள். மேற்பார்வையாளர் தொலைபேசியை எடுத்துப் பார்ப்பதும் சட்டைப்பையில் போடுவதுமாக இருந்தார். ஒன்பது பத்துக்கு வாட்ஸ்அப்பில் முதல் பட்டியல் வந்தது. அதன்பின் எல்லோரும் ஓடினார்கள். அந்த ஓட்டத்தில்தான் அரை அங்குலம் முக்கால் அங்குலமாக மாறியது.

பட்டியல் ஏன் ஒன்பது மணிவரை வரவில்லை? முந்தைய நாள் மாலையே கடையில் அதை எழுதி முடித்துவிடுகிறார்கள். பின்னே ஏன் அனுப்பவில்லை? வாடிக்கையாளரின் கடன் நிலுவையைக் கணக்காளர் பார்க்க வேண்டும். பார்க்கவில்லையா? பார்த்துவிட்டார், முதலாளியின் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறது. முதலாளி ஏன் ஒவ்வொரு பட்டியலிலும் கையெழுத்துப் போடுகிறார்? 2022இல் நாடு நெருக்கடியில் விழுந்தபோது, பழைய வாடிக்கையாளர் சிலரின் காசோலைகள் வங்கியிலிருந்து திரும்பி வந்தன. “இனி என் கையெழுத்து இல்லாமல் ஓர் ஆணிகூட வெளியே போகக்கூடாது” என்று அன்று உத்தரவு போட்டார். நெருக்கடி தணிந்தது, உத்தரவு தணியவில்லை. வெள்ளவத்தையில் மகளைப் பாடசாலையில் இறக்கிவிட்டு, காலி வீதி நெரிசலில் ஊர்ந்து, அவர் கடைக்கு வந்து சேர ஒன்பது மணி.

லொறியை மறித்து நின்றவர் என்னிடம் ஆலோசனை கேட்டவரேதான். இதை அன்றே அவரிடம் சொல்லவில்லை. முதலில் வேறொரு கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மேசையில் இருக்கும் நான்கு வழிகளில் எது இந்த உண்மையைக் கண்டுபிடித்திருக்கும்? கண்டுபிடித்தாலும் எது அதை அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கும்?

சான்றிதழ் வழி

ஐஎஸ்ஓ 9001 தரநிலை 1987இல் முதன்முதலாக வெளிவந்தது. செய்வதை எழுது, எழுதியதைச் செய், செய்ததற்குச் சான்று வை, தவறினால் திருத்து என்பதே அதன் சாரம். இங்கே இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் வேறு சில நிறுவனங்களும் இதற்குச் சான்றிதழ் வழங்குகின்றன. சான்றிதழின் ஆயுள் மூன்று வருடம். இடையில் ஆண்டுதோறும் கண்காணிப்புக் கணக்காய்வு உண்டு. அரச டெண்டர் கேள்விப்பத்திரங்களுக்கோ வெளிநாட்டுக் கொள்வனவாளருக்கோ அந்தத் தாள் தேவைப்படுகிறது என்றால் விவாதத்துக்கு இடமில்லை, எடுத்தே ஆகவேண்டும். அதை எடுப்பதால் வேலை தானாகத் திருந்திவிடும் என்று நம்புவதில்தான் சிக்கல்.

நான் வேலை செய்த ஓர் இடத்தில் கணக்காய்வுக்கு முந்தைய வாரம் திருவிழாவாக இருக்கும். அலுமாரிகளுக்குப் புது லேபல், கோப்புகளுக்குப் புது முதுகு. பயிற்சிப் பதிவேட்டில் பன்னிரண்டு மாதக் கையெழுத்துகளும் ஒரே பேனாவில், ஒரே மாலையில் விழுந்தன. கணக்காய்வாளர் போன மறுநாள் கோப்புகள் மேல் தட்டுக்கு ஏறின. இன்னொரு வேடிக்கையும் உண்டு: 2015 பதிப்பு தனியாகத் தரக் கையேடு ஒன்று வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஆனாலும் மைத்துனரின் மேசையில் இருந்த விலைமனு தடித்த கையேட்டைத்தான் முதல் விநியோகமாக வாக்களித்தது. தாள் கனமாக இருந்தால் கட்டணத்துக்கு நியாயம் சொல்வது எளிது.

அந்தக் கையேடு எந்த மொழியில் வரும் என்று கேட்டுப் பார்த்தோம். ஆங்கிலத்தில் என்றார்கள். வத்தளைக் களஞ்சியத்தில் பாதிப் பேர் சிங்களம் பேசுபவர்கள், மீதிப் பேர் தமிழ் பேசுபவர்கள். ஆங்கிலத்தில் எழுதிய நடைமுறையை வாசிக்கக்கூடியவர் கணக்காளர் ஒருவரே. அவர் பெட்டி தூக்குவதில்லை.

மைத்துனரின் கையெழுத்து விஷயம் இந்த வழியில் என்னவாகியிருக்கும்? “விநியோகப் பட்டியலை நிர்வாகப் பணிப்பாளர் அங்கீகரிப்பார்” என்று ஒரு வரியாகக் கையேட்டில் ஏறியிருக்கும். அதுவரை வெறும் பழக்கமாக இருந்தது அன்றிலிருந்து சட்டமாகியிருக்கும். தரநிலை இதைக் கேட்பதில்லை. ஆனால் இருப்பதை அப்படியே எழுதிவைக்கும் அவசரத்தில் பெரும்பாலும் நடப்பது இதுதான்.

சிக்ஸ் சிக்மா

1986இல் மோட்டரோலா நிறுவனத்தில் பில் ஸ்மித் என்ற பொறியியலாளர் தொடக்கிவைத்த முறை. 1995இல் ஜெனரல் எலக்ட்ரிக் அதைக் கையிலெடுத்த பிறகு உலகமெல்லாம் பரவியது. பத்து இலட்சம் வாய்ப்புகளில் 3.4 தவறுகளுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அதன் புகழ்பெற்ற இலக்கு. வரையறு, அள, ஆராய், திருத்து, கட்டுப்படுத்து என்ற ஐந்து படிகள். பயிற்சி முடித்தவர்களுக்குக் கராத்தேயில் போல பச்சைப் பட்டி, கறுப்புப் பட்டி.

மைத்துனரின் களஞ்சியத்திலிருந்து நாளொன்றுக்கு வாடிக்கையாளரின் கட்டளைகள் (ஓர்டர்கள்) ஏறத்தாழ எண்பது போகின்றன. வருடத்துக்கு முந்நூறு வேலை நாள் என்று வைத்தால் இருபத்துநாலாயிரம். பத்து இலட்சம் கட்டளைகள் போய்ச்சேர நாற்பத்தொரு வருடத்துக்கு மேலாகும். அவருக்கு இப்போது வயது ஐம்பத்திரண்டு.

கேலியை விடுவோம். ஒரு கட்டளைக்குள் பல உருப்படிகள் இருப்பதால் வாய்ப்புகளின் எண்ணிக்கை இதைவிடக் கூடும் என்பது எனக்குத் தெரியும். ஒரே தையலை ஆயிரக்கணக்கான முறை போடும் ஆடைத் தொழிற்சாலையில், ஒரே எடையில் பைகளை நிரப்பும் தேயிலை பொதியிடும் இடத்தில், இந்த முறை தங்கம். அங்கே தரவு குவிகிறது. இயந்திரம் கொஞ்சம் விலகினாலும் வரைபடத்தில் தெரிகிறது. தினமும் வேறு வேறு பொருள், வேறு வேறு அளவு, வேறு வேறு வாடிக்கையாளர் என்று ஓடும் கடையில் கறுப்புப் பட்டிக்காரர் முதல் ஆறு மாதத்தை அளப்பதிலேயே கழித்துவிடுவார். கடைசியில் அழகான வரைபடம் ஒன்று வரும். அதில் காலை ஒன்பது மணிக்கு முன் பெரிய பள்ளம் இருக்கும். பள்ளத்துக்குக் காரணம் தன் கட்டணக் காசோலையில் கையெழுத்திடப் போகிறவர்தான் என்பதை அறிக்கையின் எத்தனையாவது பக்கத்தில், எவ்வளவு நாகரிகமாக எழுதுவார் என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

இந்த முறையிலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்று உண்டு: திருத்துவதற்கு முன் அளப்பது. லொறி புறப்பட்ட நேரத்தை அதுவரை யாரும் எழுதிவைத்ததில்லை. “வழக்கமாகப் பிந்தும்” என்பதுதான் பதிவு. மூன்று வாரம் நேரத்தைக் குறிக்கச் சொன்னேன். அதற்கு ஒரு பென்சிலும் பழைய நாட்காட்டியின் பின்பக்கமும் போதுமாக இருந்தன.

மென்பொருள்

நான்கில் மைத்துனரின் மனம் அதிகம் சாய்ந்தது இதற்குத்தான். திரையில் பச்சை, மஞ்சள், சிவப்பு வட்டங்கள். தொலைபேசியிலேயே இருப்பைப் பார்க்கலாம். விற்பனையாளர் ஆளும் நன்றாகப் பேசினார், நல்ல சப்பாத்து வேறு.

மைத்துனரிடம் ஒரு கேள்விதான் கேட்டேன்: அரை அங்குல எல்போவுக்கு உங்கள் கடையில் எத்தனை பெயர்? எண்ணிப் பார்த்தோம். கடையில் ஒன்று, களஞ்சியத்தில் சிங்களத்தில் ஒன்று, கணக்குப் புத்தகத்தில் ஆங்கிலத்தில் ஒன்று, இறக்குமதிப் பட்டியலில் சீன நிறுவனத்தின் குறியீடு ஒன்று. அதற்கும் மேலாக, தரம் குறைந்த வகைக்கு நாட்டாமைமார் வைத்திருக்கும் பட்டப்பெயரை இங்கே எழுத முடியாது. கணினிக்கு இவை ஐந்து பொருள்கள். பெயரை ஒன்றாக்காமல் மென்பொருளை இறக்கினால், இதுவரை மெதுவாக நடந்த தவறு இனி மின்னல் வேகத்தில் நடக்கும்.

பெரியவர்களுக்கே இதில் கால் இடறியிருக்கிறது. அமெரிக்கச் சாக்லேட் நிறுவனமான ஹெர்ஷி 1999இல் புதிய மென்பொருளுக்கு அவசரமாக மாறியது. ஹாலோவீன் விற்பனைக் காலம் வந்தபோது களஞ்சியத்தில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு அனுப்ப முடியாமல் தவித்தது. ஏறத்தாழ 10 கோடி டொலர் பெறுமதியான கட்டளைகள் கைநழுவின. சாக்லேட் இருந்தது, கேட்டவர் இருந்தார், நடுவில் வழிதான் இல்லை. பழைய சோனகத் தெருவில் இதே கதை ஒரு வெசாக் வாரத்தில் நடக்க எவ்வளவு நேரமாகும்?

கையெழுத்துக்கு வருவோம். மென்பொருளில் அது “அங்கீகாரம்” என்ற பொத்தானாக மைத்துனரின் தொலைபேசிக்குப் போகும். காலி வீதி நெரிசலில் இருந்தபடியே அழுத்தலாம். இது முன்னேற்றம்தான், மறுக்கவில்லை. ஆனால் எண்பது பட்டியலிலும் ஒரு மனிதரின் விரல் பட வேண்டும் என்ற ஏற்பாடு அப்படியே இருக்கும். அவருக்கு ஒரு நாள் காய்ச்சல் வந்தால் லொறிக்கும் காய்ச்சல். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்சாரம் துண்டிக்கப்பட்டதை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. அன்று வியாபாரத்தைத் தாங்கியது கையால் எழுதிய புத்தகம். அந்தப் புத்தகமே ஒழுங்காக இல்லாத இடத்தில் திரை எதைக் காட்டும்?

5எஸ், கைசன், சிறு குழுக்கள்

வேண்டாததை அகற்று, வேண்டியதற்கு இடம் குறி, சுத்தமாக வை, அதையே நியமமாக்கு, பழக்கமாக்கு. ஜப்பானிய மொழியில் ஐந்தும் ‘எஸ்’ ஒலியில் தொடங்குவதால் அந்தப் பெயர். கைசன் என்பது வேலையைச் சிறிது சிறிதாக, இடைவிடாமல் திருத்திக்கொண்டே போவது. இலங்கையில் இதைக் கேள்விப்படாத அலுவலகம் இல்லை. தேசிய உற்பத்தித்திறன் செயலகம் பயிற்சியும் விருதும் வழங்குகிறது. ஜப்பானில் பயிற்சி பெற்றவர்களின் சங்கமான ஜாஸ்டெக்கா நடத்தும் 5எஸ் விருதும் இருக்கிறது. அதனாலேயே இதன் பெயர் கெட்டும் போயிருக்கிறது. தரையில் மஞ்சள் கோடு, சுவரில் சுலோகம், மேசையில் ஸ்டேப்ளருக்கு ஒரு கட்டம். பரிசளிப்பு முடிந்ததும் கோடு மங்கும், ஸ்டேப்ளர் காணாமல் போகும்.

இதையும் தள்ளிவிடத்தான் நினைத்தேன். தடுத்தது பொரளைப் பக்கத்தில் இருக்கும் ஓர் அரச வைத்தியசாலை.

காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் 2000ஆம் ஆண்டளவில் பணிப்பாளராக இருந்த டொக்டர் விமல் கரந்தாகொட, தனியார் தொழிற்சாலைகளின் இந்தப் பழக்கத்தைப் பிரசவ விடுதிகளுக்குக் கொண்டுவந்தார். நெரிசல், ஆள் தட்டுப்பாடு, பணத் தட்டுப்பாடு என்று ஓர் அரச வைத்தியசாலைக்குரிய எல்லாத் தட்டுப்பாடுகளும் அங்கே இருந்தன. ஆட்களைத் தெரிந்தெடுக்கும் வசதியும் பணிப்பாளருக்குக் கிடையாது. அமைச்சு அனுப்புகிறவர்தான் ஊழியர். ஆரம்பித்தது உபகரணங்களுக்கு இடம் குறிப்பது, பழையதை அகற்றுவது, விடுதிதோறும் சிறு குழு அமைப்பது போன்ற செலவில்லாத காரியங்களில். பிறகு ஜப்பானிய அரசின் வெளிநாட்டு உதவி அமைப்பான ஜெய்க்கா நிறுவனம் இதை ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டு, 2007ஆம் ஆண்டு முதல் 15 ஆபிரிக்க நாடுகளின் சுகாதார அதிகாரிகளுக்கு அறிமுகப்படுத்தியது. டொயோட்டா நகரிலிருந்து பொரளை வழியாகத் தன்சானியாவுக்குப் போன முறை இது.

அங்கே தாக்குப்பிடித்தது வேறெங்கும் மஞ்சள் கோடாக முடிந்தது ஏன்? நான் கண்டவரை வேறுபாடு குழுவில் இருக்கிறது. 1962இல் ஜப்பானில் கவோரு இஷிகாவா வளர்த்தெடுத்த தர வட்டங்களின் கருத்து இதுதான்: வேலையைச் செய்கிறவரே அந்த வேலையின் கோளாறை எடுத்துப் பேச வேண்டும், திருத்தத்தையும் அவரே சோதித்துப் பார்க்க வேண்டும். குழு உண்மையானதாக இருந்தால் மஞ்சள் கோடு தேவையான இடத்தில் மட்டும் விழும். குழு பொய்யென்றால் கோடு மட்டுமே விழும்.

மைத்துனரின் கையெழுத்தை இந்த வழி கண்டுபிடித்திருக்குமா? நாட்டாமைமாரிடம் “ஏன் உட்கார்ந்திருக்கிறீர்கள்?” என்று கேட்டபோது ஒருவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்: “முதலாளி.” அவர்களுக்கு எப்போதோ தெரியும். கேட்பாரில்லை, அவ்வளவுதான்.

யாருடைய பையில் குறைகிறது

மேசையில் இருந்த தாள்கட்டுகள் நான்கும் சொல்லாத ஒரு கணக்கு இருக்கிறது. எனக்கு இந்த ஒப்பீட்டில் மிக முக்கியமாகப் படுவது அதுதான்.

லொறி பதினொரு மணிக்குப் போனால் இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறது. அதுவரை களஞ்சியக்காரர், எழுதுவினைஞர், சாரதி, உதவியாள் நான்கு பேருக்கும் மேலதிக நேரப் பணம், சட்டப்படி ஒன்றரை மடங்கு. இவர்களின் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் டியூஷன் காசும் அந்தப் பணத்தில்தான் ஓடுகின்றன. லொறியை எட்டு மணிக்கு அனுப்பினால் மாத இறுதியில் அவர்கள் பையில் குறையும். நாட்டாமைமார் கதை வேறு. அவர்களுக்குச் சுமைக்குக் கூலி. படியில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு நட்டம். ஆகவே ஒரே களஞ்சியத்தில் லொறி சீக்கிரம் போக வேண்டும் என்று மூன்று பேரும், போகக்கூடாது என்று நான்கு பேரும் இருந்தார்கள். வாயால் யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையுமில்லை, சாவிக்கொத்தைத் தேடுவதில் பத்து நிமிடம், டயரில் காற்றுப் பார்ப்பதில் பத்து நிமிடம் போதும்.

இது வஞ்சகமில்லை. உங்கள் சம்பளம் குறையப்போகும் திட்டத்துக்கு நீங்களே கைதட்டுவீர்களா? இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியருக்குத் தரம் கற்பித்த எட்வர்ட்ஸ் டெமிங், தவறுகளின் பெரும்பங்கு முறையினுடையது, ஆளினுடையது சிறுபங்கே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கூலி முறையும் ஒரு முறைதானே.

வேலை போய்விடுமோ என்ற பயம் இதனோடு சேர்ந்து வரும். 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின்படி, பதினைந்து பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில், போதிய சேவைக்காலம் உள்ள ஊழியரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவருடைய எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். முதலாளிமார் இதைத் தலைவலியாகப் பார்ப்பார்கள். எனக்கோ இது கைக்கு வந்த உதவி. எப்படியும் நிறுத்த முடியாத ஆட்களிடம், “இந்தத் திருத்தத்தால் ஒருவருக்கும் வேலை போகாது” என்று முதல் நாளே எழுதிக் கொடுப்பதில் உங்களுக்கு என்ன செலவு?

கடைசியில் மைத்துனரிடம் சொன்னது

நான்கு வழிகளையும் ஒன்றோடொன்று போட்டியிடும் பொருள்களாகப் பார்த்ததுதான் அவருடைய குழப்பம். எதை முதலில், எதைப் பிறகு என்று பார்த்தால் குழப்பம் பாதியாகிவிடுகிறது. சிறு குழு முதலில். பெயர்களை ஒன்றாக்கியபின் மென்பொருள். கேள்விப்பத்திரம் வந்தால் சான்றிதழ், அதுவும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதிய நான்கைந்து பக்க நடைமுறைகளோடு. சிக்ஸ் சிக்மா விலைமனுவைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

குழுவில் ஆறு பேர்: களஞ்சிய மேற்பார்வையாளர், ஒரு நாட்டாமை, சாரதி ஒருவர், கடையில் பட்டியல் எழுதும் பெண், கணக்காளர், மைத்துனர். முதலாளி தலைமை தாங்கக்கூடாது. உட்கார்ந்து கேட்க வேண்டும். நாளுக்குப் பதினைந்து நிமிடம், லொறி பக்கத்தில் நின்றபடி. அந்தப் பதினைந்து நிமிடமும் வேலை நேரத்துக்குள். மேற்பார்வையாளரிடம் “உங்கள் வழக்கமான வேலையோடு இதையும் பாருங்கள்” என்று சொல்லி அழிந்துபோன திட்டங்களை நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினால் கால்விரலையும் சேர்க்க வேண்டும். அளவு ஒன்றே ஒன்று: லொறி புறப்பட்ட நேரம். அதைக் கரும்பலகையில் எழுதுவது சாரதி.

மேலதிக நேரத்துக்கு ஓர் ஏற்பாடு: கடந்த ஆறு மாதச் சராசரியை ஒரு வருடத்துக்கு நிலையான கொடுப்பனவாகக் கொடுப்பது. மைத்துனர் துள்ளினார்.

“செய்யாத வேலைக்குக் காசா?”

“இப்போதும் அதைத்தான் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஒன்றரை மடங்காக.”

கையெழுத்து விஷயத்தை அப்போதுதான் எடுத்தேன். நாட்காட்டியின் பின்பக்கத்தை மேசையில் விரித்தேன். மூன்று வாரத்தில் லொறி எட்டரைக்கு முன் புறப்பட்டது இரண்டு நாட்கள். அந்த இரண்டு நாட்களும் அவர் குடும்பத்தோடு யாழ்ப்பாணம் போயிருந்தார். கையெழுத்தைக் கணக்காளரிடம் விட்டுப் போயிருந்தார். நெடுநேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வால்வை எடுத்துத் துடைத்தார்.

அந்த நேரத்தில் அவருக்கு நினைவூட்டியது எரிபொருள் வரிசையை. 2022 ஜூலையில் தேசிய எரிபொருள் அனுமதி வந்தது. கியூஆர் குறியீடு, வாகனத்துக்கு இவ்வளவு லீற்றர் என்ற வாராந்த அளவு. நாட்கணக்கில் நின்ற வரிசை அதன்பின் கரைந்தது. 2023 செப்டம்பர் முதலாம் திகதி ஏற்பாடே நிறுத்தப்பட்டது. இந்த நாட்டில் ஒரு புது நடைமுறையை ஜனங்கள் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதை நான் கண்டதில்லை. காரணம் தொழில்நுட்பமென்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். வரிசையில் இரண்டு இரவு தூங்கியவனுக்கு அடுத்த வாரமே வீட்டில் தூக்கம் கிடைத்தது என்பதையும் அவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். தேவை முடிந்ததும் அதை நிறுத்தியதும் எனக்குப் பிடித்திருக்கிறது. மைத்துனரின் 2022 உத்தரவுக்குத்தான் முடிவுத் திகதி போட யாரும் நினைக்கவில்லை.

இந்த வரிசை எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லமாட்டேன். கட்டுநாயக்க வலயத்தில் உள்ளாடை தைக்கும் தொழிற்சாலைக்கு அளவீட்டு முறைகளே முதல் தேவை. அங்கே தரவும் உண்டு, பொறியியலாளரும் உண்டு. கறுவாவும் தேயிலையும் ஐரோப்பாவுக்கு அனுப்புகிறவருக்குச் சான்றிதழ் இல்லாமல் கதவே திறக்காது. அவர் சான்றிதழில் தொடங்கி, அதைத் தாளோடு நிற்கவிடாமல் களத்துக்கு இழுத்து வரப் பாடுபட வேண்டும். ஏழெட்டுக் கிளைகள் வைத்திருக்கும் மருந்துக் கடைக்காரர் காலாவதித் திகதிகளை மனதில் வைத்திருக்க முடியாது. அவருக்கு மென்பொருள் ஆடம்பரமன்று. பத்துப் பேர் வேலை செய்யும் அச்சகத்துக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம், முதலாளி வாரத்தில் ஒரு காலை பெயின்ட் வாளியில் உட்கார்ந்தால் போதும்.

இப்போது ஐந்தாவது மாதம். மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த பட்டியல்களைக் கணக்காளர் முந்தைய நாள் மாலையே விடுவிக்கிறார். அதற்கு மேற்பட்டவையும், முன்பு காசோலை திரும்பிய நான்கு வாடிக்கையாளரின் பட்டியல்களும் மட்டும் மைத்துனரிடம் போகின்றன. எல்போவுக்கு ஒரே பெயர் வந்துவிட்டது. நாட்டாமைமார் மட்டும் இன்னும் பட்டப்பெயரை விடவில்லை. மேலதிக நேரக் கொடுப்பனவு பற்றி ஒவ்வொரு மாத இறுதியிலும் அவர் எனக்குத் தொலைபேசி எடுத்துப் புலம்புகிறார், ஆனால் கொடுக்கிறார். மென்பொருள் விற்பனையாளர் அடுத்த மாதம் மறுபடி வருகிறாராம்.

போன வியாழக்கிழமை வத்தளைப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். கரும்பலகையில் அந்த வாரத்து நேரங்கள்: 8.05, 8.20, 8.10, 9.40. கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சாரதி சிங்களத்தில் ஏதோ எழுதியிருந்தார். என்னவென்று மேற்பார்வையாளரிடம் கேட்டேன். “களனிப் பாலத்தில் நெரிசலாம், லொறி வரவே பிந்திவிட்டது” என்றார். சற்றுத் தள்ளி நின்ற நாட்டாமை தலையை ஆட்டினார்: “இல்லை ஐயா, அன்றைக்கு நான்தான் பிந்தி வந்தேன். அதையும் எழுதச் சொல்லுங்கள்.”